செங்குத்துக் கோடு, சாய்வு, தெரியாத ஆயத்தொலைவு: விடை தப்பினால் எங்கே பார்ப்பது?

கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் வரும். இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்து என்று சொல்லிவிடுவார்கள். மூன்று புள்ளிகள் முழுதாகத் தெரியும். நான்காவது புள்ளியில் ஓர் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்தின் மதிப்பு என்ன?

நான்கைந்து வரியில் முடிகிற வேலை. இருந்தும் விடைக் குறிப்பில் ஓர் எண், கையில் வேறோர் எண் என்று முழிப்பவர்கள் ஏராளம். உடனே எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போடத் தொடங்குவார்கள். அது வீண் வேலை. பழக்கத்தில் செய்த தவறு அதே இடத்தில் மறுபடியும் வரும். வந்திருக்கிற தவறான விடையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், தவறு எந்த வரியில் நுழைந்தது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

முதல் பாதியில் ஒரே கணக்கை வைத்துப் பேசுகிறேன். புள்ளிகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர். தெரியாத எண்ணுக்குக் க.

அ(1, 2), ஆ(5, 4), இ(3, 7), ஈ(க, 1). அஆ கோடும் இஈ கோடும் செங்குத்து. க எவ்வளவு?

சரியான வழி இது (சாய்வு என்பது ஒய் வித்தியாசத்தை எக்ஸ் வித்தியாசத்தால் வகுத்தது):

அஆ சாய்வு = (4 − 2) / (5 − 1) = 2/4 = 1/2
இஈ சாய்வு = (1 − 7) / (க − 3) = −6 / (க − 3)
இரண்டு சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 என்பதால், இஈ சாய்வு = −2
−6 / (க − 3) = −2
க − 3 = 3
க = 6

வந்த விடை சரியா தப்பா என்றே தெரியவில்லை

விடைக் குறிப்பு கையில் இல்லாதபோது பலர் செய்வது, க-வின் மதிப்பைத் தாங்கள் எழுதிய சமன்பாட்டிலேயே போட்டுப் பார்ப்பது. அது சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோமா என்பதை மட்டும்தான் சொல்லும். சமன்பாடே தப்பாக எழுதப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து தலையாட்டும். சோதனையைப் புள்ளிகளிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் சாய்வு என்ற பேச்சே இல்லாமல்.

ஒவ்வொரு கோட்டுக்கும் எக்ஸ் வித்தியாசம், ஒய் வித்தியாசம் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அ-விலிருந்து ஆ-வுக்குப் போக 4 வலப்பக்கம், 2 மேலே. இ-யிலிருந்து ஈ-க்குப் போக (க = 6 என்று வைத்தால்) 3 வலப்பக்கம், 6 கீழே. எக்ஸோடு எக்ஸைப் பெருக்கினால் 4 × 3 = 12. ஒய்யோடு ஒய்யைப் பெருக்கினால் 2 × (−6) = −12. இரண்டையும் கூட்டினால் 0. பூச்சியம் வந்தால் செங்குத்து, வராவிட்டால் இல்லை. ஒரு கோட்டின் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிடாத வரை விதிவிலக்கே கிடையாது, ஒரு கோடு நட்டமாக நின்றாலும் இது வேலை செய்யும். இந்தச் சோதனை பின்னால் பல இடங்களில் வரும். இதைக் கூட்டல் சோதனை என்றே சொல்லிக்கொள்வோம்.

இது எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். 4 வலப்பக்கம், 2 மேலே என்று போகிற நடையைக் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகக் கால்வட்டம் திருப்புங்கள். வலப்பக்கம் போன 4 இப்போது மேலே போகும். மேலே போன 2 இப்போது இடப்பக்கம் போகும். அதாவது இடப்பக்கம் 2, மேலே 4. பழைய சாய்வு 2/4. புதிய சாய்வு 4/(−2). தொகுதியும் பகுதியும் இடம் மாறின, கூடவே ஒரு குறைக்குறி வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டுமே அந்த ஒரே திருப்பத்தில் நடக்கின்றன. ஒன்றைச் செய்து மற்றதை மறப்பவர் பாதித் திருப்பத்தில் நின்றுவிடுகிறார்.

6 வர வேண்டிய இடத்தில் 0 வந்தது

இதுதான் அடிக்கடி வருவது. சரியான விடை 3-க்கு அந்தப்பக்கம் 3 தள்ளி இருக்கிறது. வந்த விடை 3-க்கு இந்தப்பக்கம் 3 தள்ளி இருக்கிறது. 3 என்பது இ புள்ளியின் எக்ஸ் மதிப்பு. விடை தெரிந்த புள்ளிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாக, கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறியிருந்தால் குறியில்தான் கோளாறு. எண்களைச் சந்தேகப்பட வேண்டாம்.

குறி தவற மூன்று இடம் உண்டு. மூன்றும் இதே 0-வைத்தான் கொடுக்கும், அதனால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, தலைகீழாக்கிவிட்டு குறைக்குறியை விட்டுவிட்டது. 1/2-ஐ 2 ஆக்கினீர்கள், −2 ஆக்கவில்லை. −6 / (க − 3) = 2 என்றால் க − 3 = −3, க = 0. தேவையான சாய்வை எழுதிய வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: செங்குத்தான இரண்டு சாய்வுகளும் ஒரே குறியோடு இருக்கவே முடியாது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆக வேண்டும்.

இரண்டு, கழித்த வரிசை மாறியது. மேலே ஈ-யிலிருந்து இ-யைக் கழித்து 1 − 7 என்று எழுதியவர், கீழே இ-யிலிருந்து ஈ-யைக் கழித்து 3 − க என்று எழுதிவிடுகிறார். −6 / (3 − க) = −2, க = 0. எந்தப் புள்ளியிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்பது நம் விருப்பம்; மேலே என்ன வரிசையோ கீழேயும் அதே வரிசை என்பது மட்டும் விருப்பம் இல்லை. எழுத்து உள்ள புள்ளியை எப்போதும் முதலில் எழுதுவது என்று வைத்துக்கொண்டால் இந்தத் தவறு கிட்டத்தட்ட வராது. க − 3 என்று வருவது 3 − க என்று வருவதைவிடக் கைக்கும் சுலபம்.

மூன்று, அடைப்புக்குறி. குறுக்குப் பெருக்கல் செய்து −6 = −2(க − 3) என்று சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் −6 = −2க − 6 என்று பிரித்துவிடுவது. −2-ஐ −3-ஆல் பெருக்கினால் +6. இந்த ஒரு குறி மாறியதால் மறுபடியும் க = 0. அடைப்பே போடாமல் −6 = −2க − 3 என்று எழுதியவருக்கு 3/2 வரும்; அந்த விடை வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், அடைப்புக்குறிதான்.

இந்த அடைப்புத் தவறைத் தவிர்க்க நல்ல வழி, அடைப்பைப் பிரிக்காமலே இருப்பது. இரண்டு பக்கத்தையும் −2-ஆல் வகுத்தால் 3 = க − 3 என்று நேரடியாக வந்துவிடுகிறது. பெருக்கிப் பிரிப்பது பழக்கமாகிவிட்டது என்பதற்காகத் தேவையில்லாத இடத்திலும் அதைச் செய்கிறோம்.

15 வந்தது

15 என்பது 3-லிருந்து 12 தள்ளி. சரியான தூரம் 3. இது அதன் நான்கு மடங்கு. திசை சரி, தூரம் தப்பு. அப்படியென்றால் குறி சரியாக இருக்கிறது, தலைகீழாக்குவதில்தான் பிசகு.

ஒன்று, 1/2-க்கு −1/2 என்று குறியை மட்டும் மாற்றியிருப்பீர்கள். இல்லையென்றால் இரண்டாவது கோட்டின் சாய்வை மட்டும் புரட்டி, எக்ஸ் வித்தியாசத்தை மேலேயும் ஒய் வித்தியாசத்தைக் கீழேயும் போட்டிருப்பீர்கள்: (க − 3) / (−6) = −2. இரண்டிலும் க = 15.

நான்கு மடங்கு என்பது தற்செயல் இல்லை. சரியான சாய்வு −2, போட்ட சாய்வு −1/2. ஒன்று மற்றதைப்போல் நான்கு மடங்கு. முதல் கோட்டின் சாய்வு 1/3 ஆக இருந்திருந்தால் ஒன்பது மடங்கு விலகியிருக்கும். முதல் கோட்டின் சாய்வு 1 அல்லது −1 ஆக இருந்துவிட்டால் விலகலே தெரியாது, ஏனென்றால் 1-ஐத் தலைகீழாக்கினாலும் 1-தான். சாய்வு 1 வரும் கணக்குகளாகப் போட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு இது வந்துவிட்டது என்று நம்புவதில் உள்ள ஆபத்து அதுதான்.

−9 வந்தது

3-லிருந்து 12 தள்ளி, அதுவும் எதிர்த்திசையில். குறியும் மாறவில்லை, தலைகீழாகவும் ஆகவில்லை. இரண்டு சாய்வையும் சமம் என்று போட்டிருக்கிறீர்கள். இணைகோட்டுக்கு உரிய நிபந்தனை அது. அவசரத்தில் கேள்வியைத் தப்பாகப் படித்தால் வரும்.

இதோடு 7 வந்தவர்கள் சிலர் இருப்பார்கள். பெருக்கற்பலன் −1 என்பதற்குப் பதில் கூடுதல் −1 என்று நினைத்து, இஈ சாய்வை −3/2 ஆக்கியிருப்பார்கள்.

விடை சரி, ஆனால் வழி தப்பு என்கிறார்கள்

இது கொஞ்சம் விநோதமான நோய். ஒருவர் சாய்வு என்றாலே எக்ஸ் வித்தியாசத்தை ஒய் வித்தியாசத்தால் வகுப்பது என்று தலைகீழாக மனப்பாடம் செய்திருக்கிறார். அவர் இந்தக் கணக்கைப் போட்டால் அஆ-வுக்கு 4/2 = 2 கிடைக்கும்; எனவே இஈ-க்கு −1/2 வேண்டும் என்பார்; (க − 3) / (−6) = −1/2 என்று எழுதுவார்; க = 6. சரியான விடை!

காரணம் எளிது. இரண்டு எண்களைப் பெருக்கினால் −1 என்றால், இரண்டையும் தலைகீழாக்கிப் பெருக்கினாலும் −1-தான். அதேபோல இரண்டு கோடுகளிலும் கழித்த வரிசையை மாற்றிக் குழப்பியவருக்கு இரண்டு சாய்வின் குறியும் தப்பாக வரும், பெருக்கும்போது இரண்டு தப்பும் அடிபட்டுப்போகும். (4 − 2) / (1 − 5) = −1/2; எனவே −6 / (3 − க) = 2; மறுபடியும் க = 6.

செங்குத்துக் கணக்கு மட்டும் வந்துகொண்டிருக்கும் வரை இந்தத் தவறு வெளியே தெரியாது. அடுத்த கேள்வியில் கோட்டின் சமன்பாட்டை எழுதச் சொன்னாலோ, கோடு அச்சோடு செய்யும் கோணத்தைக் கேட்டாலோ பிடிபடும். ஆகவே எக்ஸ் மேலேயா ஒய் மேலேயா என்ற சந்தேகம் உள்ளவர்கள் செங்குத்துக் கணக்கில் சரியான விடை வந்ததை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. (1, 0), (2, 5) என்ற இரண்டு புள்ளிகளை வரைந்து பாருங்கள். அது கடுமையான ஏற்றம் என்று கண்ணுக்கே தெரியும். சாய்வு 5 வர வேண்டும், 1/5 அல்ல.

பகுதியில் பூச்சியம் வந்து கணக்கு நின்றுவிட்டது

அ(4, −1), ஆ(4, 6), இ(−2, 3), ஈ(5, க). அஆ சாய்வு 7/0. இங்கே சிலர் அதை 0 என்று எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் விடை இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டும் தப்பு. 7/0 என்ற சாய்வு வரையறுக்கப்படவில்லை. ஆனால் கோடு நன்றாகவே இருக்கிறது, ஒய் அச்சுக்கு இணையாக நட்டமாக நிற்கிறது. அதற்குச் செங்குத்தாக இருப்பது கிடைக்கோடு. கிடைக்கோட்டில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே ஒய் மதிப்பு. எனவே க = 3. இதற்குச் சாய்வே தேவைப்படவில்லை.

இதன் மறுபக்கம்தான் அதிகம் ஏமாற்றும். அ(−3, 5), ஆ(2, 5), இ(7, 1), ஈ(க, 9). அஆ சாய்வு 0/5 = 0. சரி, பெருக்கற்பலன் −1 என்று எழுதினால்:

0 × 8 / (க − 7) = −1

இடப்பக்கம் எப்போதும் 0. 0 = −1 என்று வருகிறது. இயற்கணிதத்தை மட்டும் நம்பினால் இதற்கு விடை கிடையாது. படம் போட்டால் விடை கண்ணெதிரே நிற்கும்: அஆ படுத்திருக்கிறது, இஈ நட்டமாக நிற்க வேண்டும், க = 7.

ஏன் இப்படி? பெருக்கற்பலன் −1 என்ற விதி, இரண்டு கோட்டுக்கும் சாய்வு இருந்தால்தான் பொருந்தும். ஒரு கோடு கிடையாகவும் மற்றது நட்டமாகவும் இருக்கும் ஜோடி அந்த விதிக்கு வெளியே நிற்கிறது. கூட்டல் சோதனைக்கு அந்தத் தொல்லை இல்லை: 5 × (க − 7) + 0 × 8 = 0, க = 7. அதனால்தான் எழுத்து இருக்கும் கணக்கில் நேரடியாகக் கூட்டல் சோதனையையே சமன்பாடாக எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். சாய்வு முறையில்தான் போட வேண்டும் என்று கேள்வியிலேயே இருந்தால் மட்டும் சாய்வுக்குப் போகலாம். அப்போதும் முதல் வேலை, எந்த ஜோடியிலாவது எக்ஸ் மதிப்பு இரண்டும் ஒன்றா, ஒய் மதிப்பு இரண்டும் ஒன்றா என்று ஒரு பார்வை பார்ப்பது.

இரண்டு விடை வந்தது, அல்லது ஒன்றுமே வரவில்லை

தெரியாத புள்ளி ஒரு கோட்டின் முனையில் மட்டும் இருந்தால் சமன்பாடு ஒருபடிதான், விடை ஒன்றுதான். அந்தப் புள்ளியே செங்கோணம் அமையும் முனையாக இருந்தால் எழுத்து இரண்டு சாய்விலும் வரும். பெருக்கினால் க² வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் வர வேண்டும்.

அ(1, 2), ஆ(8, 3). எக்ஸ் அச்சின் மேல் உள்ள வ(க, 0) என்ற புள்ளியில் செங்கோணம். கூட்டல் சோதனையை எழுதினால்:

(1 − க)(8 − க) + 2 × 3 = 0
க² − 9க + 14 = 0
(க − 2)(க − 7) = 0

க = 2 அல்லது 7. இரண்டுமே சரி. 2-ஐப் போட்டால் சாய்வுகள் −2, 1/2. 7-ஐப் போட்டால் −1/3, 3. இதில் ஒன்றைத் தள்ளிவிட வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்தோ பலருக்கு வந்துவிடுகிறது. வடிவியலில் பார்த்தால் காரணம் தெளிவு: அஆ-வை விட்டமாக வைத்து ஒரு வட்டம் வரையுங்கள். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேல்ஸ் தேற்றத்தின்படி, அந்த வட்டத்தின் மேல் எங்கே நின்று பார்த்தாலும் அ-வும் ஆ-வும் செங்கோணத்தில் தெரியும். எக்ஸ் அச்சு அந்த வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டுகிறது. இரண்டு வெட்டு, இரண்டு விடை.

அச்சு வட்டத்தைத் தொடாமலே போய்விட்டால்? அ(1, 4), ஆ(5, 3) என்று எடுத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டால் க² − 6க + 17 = 0 வரும்; தன்மைகாட்டி, அதாவது வர்க்கமூலத்துக்குள் வரும் எண், 36 − 68 = −32, மெய்யெண் மூலம் இல்லை. வட்டத்தின் மையம் (3, 3.5), ஆரம் 2.1-க்கும் குறைவு, எக்ஸ் அச்சு 3.5 தள்ளி இருக்கிறது. எட்டவில்லை. உங்கள் கணக்கில் குறையெண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டி வந்தால், புள்ளிகளைத் தப்பாக எடுத்து எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றால், அப்படி ஒரு புள்ளி இல்லை என்பதே விடை.

ஒரு விடையைத் தள்ள வேண்டிய இடமும் உண்டு. அ(1, 2), ஆ(5, 6), செங்கோண முனை வ(க, 2). கூட்டல் சோதனை: (1 − க)(5 − க) + 0 × 4 = 0. க = 1 அல்லது 5. க = 1 என்றால் வ-வும் அ-வும் ஒரே புள்ளி; அங்கே கோணமே கிடையாது. அதைத் தள்ளிவிடுங்கள். க = 5 சரி; அங்கே ஒரு பக்கம் கிடையாகவும் மற்றது நட்டமாகவும் இருக்கிறது. இதே கணக்கைச் சாய்வு முறையில் போட்டால் முதல் சாய்வு 0 ஆகி, 0 = −1 என்று வந்து, சரியான 5-ஐயும் சேர்த்துத் தொலைத்துவிடும்.

செங்கோண முக்கோணம் என்று மட்டும் சொன்னார்கள், என் விடை பாதிதான் என்கிறார்கள்

எந்த முனையில் செங்கோணம் என்று கேள்வி சொல்லவில்லை என்றால் மூன்று முனையையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். படம் போட்டுப் பார்த்து இதுதான் செங்கோணம்போல் இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. எழுத்து இருக்கும் புள்ளியை எங்கே வைத்துப் படம் போட்டீர்கள்?

அ(2, 1), ஆ(6, 3), இ(க, 7) என்று வைப்போம். அஆ சாய்வு 1/2.

செங்கோணம் அ-வில் என்றால் அஇ சாய்வு −2: 6 / (க − 2) = −2, க = −1.
செங்கோணம் ஆ-வில் என்றால் ஆஇ சாய்வு −2: 4 / (க − 6) = −2, க = 4.
செங்கோணம் இ-யில் என்றால் (2 − க)(6 − க) + 24 = 0, அதாவது க² − 8க + 36 = 0. தன்மைகாட்டி 64 − 144, மூலம் இல்லை.

ஆக, க = −1 அல்லது 4. மூன்று வழியைச் சோதித்து இரண்டு விடை. இ-யில் ஒன்றும் வராததைப் பார்த்து மற்ற இரண்டையும் சந்தேகப்பட வேண்டாம்.

க காணாமல் போய்விட்டது

தெரியாத எழுத்து இரண்டு இடத்தில் இருக்கும்போது இது நடக்கும். அ(3, 1), ஆ(க, க − 2) என்றால் சாய்வு (க − 3) / (க − 3) = 1. எழுத்து அடிபட்டு, வெறும் எண் மிஞ்சுகிறது. க எதுவானாலும் ஆ புள்ளி சாய்வு 1 உள்ள அதே கோட்டின் மேலேயே நகர்கிறது என்று அர்த்தம். இன்னொரு கோட்டின் சாய்வு −1 என்றால் எல்லா மதிப்பும் விடை, 3 மட்டும் நீங்கலாக, ஏனென்றால் க = 3 என்றால் இரண்டு புள்ளியும் ஒன்றாகிவிடும். இன்னொரு கோட்டின் சாய்வு வேறு எதுவானாலும் விடையே இல்லை.

எழுத்துகளே இரண்டாக இருந்து நிபந்தனை ஒன்றாக இருந்தால், ஒரு எண்ணை எதிர்பார்க்காதீர்கள். கேள்வியில் இன்னொரு தகவல் எங்காவது ஒளிந்திருக்கும், நீளமோ நடுப்புள்ளியோ.

ஒரு கோட்டைச் சமன்பாடாகக் கொடுத்திருக்கிறார்கள், விடை ஒத்துவரவில்லை

3எக்ஸ் + 2ஒய் = 12 என்ற கோட்டுக்குச் செங்குத்தான கோடு (−4, 1), (2, க) வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே தப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில்: எக்ஸின் கெழுவை அப்படியே சாய்வு என்று எடுத்துக்கொள்வது. ஒய்யைத் தனியாகப் பிரித்த பிறகுதான் எக்ஸின் கெழு சாய்வாகும். 2ஒய் = −3எக்ஸ் + 12; சாய்வு −3/2; செங்குத்தின் சாய்வு 2/3. (க − 1) / 6 = 2/3, க = 5.

உங்களுக்கு −1 வந்திருந்தால் சாய்வை 3 என்று எடுத்திருக்கிறீர்கள். −3 வந்திருந்தால் ஒய்யைப் பிரிக்கும்போது குறைக்குறியை விட்டுவிட்டீர்கள்.

சமன்பாட்டைப் பிரிக்காமலே செய்ய ஒரு குறுக்குவழி உண்டு. 3, 2 என்ற அந்தக் கெழுக்கள் செங்குத்துக் கோட்டின் நடையை அப்படியே சொல்கின்றன: 3 வலப்பக்கம், 2 மேலே. −4-லிருந்து 2 வரை 6 வலப்பக்கம்; அப்படியென்றால் 4 மேலே; 1 + 4 = 5. எதையும் தலைகீழாக்க வேண்டாம், குறியும் மாற்ற வேண்டாம்.

மையக்குத்துக்கோடு என்று கேட்ட கணக்கில் ஒட்டாத பின்னம் வந்தது

அ(−1, 2), ஆ(5, 6). இவற்றின் மையக்குத்துக்கோட்டின் (அஆ-வை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோட்டின்) மேல் (க, 1) இருக்கிறது. சாய்வு சரியாகவே −3/2 என்று கண்டுபிடித்துவிட்டு, அந்தக் கோடு அ வழியாகப் போவதாக எழுதினால் க = −1/3. மையக்குத்துக்கோடு நடுப்புள்ளி வழியாகத்தான் போகும்: நடுப்புள்ளி (2, 4); (1 − 4) / (க − 2) = −3/2; க = 4. இதற்கு வேறு நல்ல சோதனையும் கைவசம் இருக்கிறது. மையக்குத்துக்கோட்டின் மேல் உள்ள புள்ளி இரண்டு முனைக்கும் சம தூரம். (4, 1)-லிருந்து அ-வுக்குத் தூரத்தின் வர்க்கம் 25 + 1. ஆ-வுக்கு 1 + 25. பொருந்துகிறது.

பின்னம் வந்தாலே தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முழு எண்ணாக வரும்படி கணக்கை அமைப்பது கேள்வி எழுதுபவரின் தயவுதான்.

4-க்குப் பதில் 4.01 என்று வந்திருந்தால் கதை வேறு. 2/3-ஐ 0.67 என்று தசமமாக்கி, அதைத் தலைகீழாக்கி −1.49 என்று எழுதியிருப்பீர்கள். 3 ÷ 1.49 = 2.013; க = 4.013. கால்குலேட்டரைக் கடைசி வரியில் மட்டும் தொடுங்கள்; சாய்வு பின்னமாகவே இருக்கட்டும்.

எல்லாம் பொருந்துகிறது, படத்தில் மட்டும் செங்கோணம் தெரியவில்லை

கூட்டல் சோதனையில் 0 வருகிறது, வரைந்தால் கோணம் விரிந்தோ சுருங்கியோ தெரிகிறது என்றால், இரண்டு அச்சிலும் அளவுத்திட்டம் ஒன்றா என்று பாருங்கள். எக்ஸ் அச்சில் ஒரு சென்டிமீட்டர் 1 அலகு, ஒய் அச்சில் ஒரு சென்டிமீட்டர் 2 அலகு என்று எடுத்திருந்தால், 1/2 சாய்வு தாளில் 1/4 ஆகவும் −2 சாய்வு −1 ஆகவும் தெரியும். பெருக்கினால் −1/4, அது செங்கோணம்போல் தெரியாது. வரைபட மென்பொருள்கள் திரையின் அகலத்துக்கு ஏற்றபடி அச்சுகளை இழுத்துக்கொள்ளும்போதும் இதேதான் நடக்கும். இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டத்தை வைத்து மறுபடி வரைந்துவிட்டு, மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பாருங்கள்.